பிறந்த நாடும் புகுந்த நாடும்: ஃபால்கன், புல்லட் ஆகியவற்றின் கதை

ஓர் இயந்திரம் பிறந்த நாட்டில் கைவிடப்பட்டுப் புகுந்த நாட்டில் நிலைபெறும்போது, அதை விரும்பும் இரு நாட்டு மக்களுக்கிடையே அரசுகளின் உடன்படிக்கைகளால் உண்டாக்க முடியாத ஓர் உறவு தோன்றுகிறது. மோட்டார் வாகன வரலாற்றில் இதற்கு இரண்டு சான்றுகளைக் காட்டலாம்: ஒன்று, அமெரிக்கர்களையும் ஆஸ்திரேலியர்களையும் இணைத்த ‘மசில் கார்’, மற்றொன்று, சங்கரன்கோவில் கடைவீதி முதல் சென்னை அண்ணா சாலை வரை இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் புல்லட்.

நடுத்தர அளவுள்ள சாதாரணக் காரின் உடலில் பெரிய காருக்குரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி, நடுத்தர வர்க்கத்து இளைஞருக்கு எட்டும் விலையில் விற்கப்பட்ட வேக வண்டியே மசில் கார் எனப்படுகிறது. 1964இல் ஏறத்தாழ 6.4 லிட்டர் எஞ்சினுடன் வந்த பான்டியாக் ஜிடிஓ இவ்வகையின் தொடக்கமாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அதற்கு முன்பே, 1960இல், ஃபோர்டு நிறுவனம் தன் அமெரிக்கக் காரான ஃபால்கனை மெல்பர்ன் நகரில் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. ஆஸ்திரேலியாவின் கரடுமுரடான சாலைகளில் அதன் முன்புற சஸ்பென்ஷன் தாக்குப்பிடிக்காததால், உள்ளூர்ப் பொறியாளர்கள் அதை வலுப்படுத்தினர். 1967இல் எட்டு சிலிண்டர் எஞ்சினுடன் ஃபால்கன் ஜிடி என்ற வண்டியையும் வெளியிட்டனர். அமெரிக்காவில் 1970இல் நின்றுபோன ஃபால்கன், ஆஸ்திரேலியாவில் 2016 வரை உற்பத்தியாயிற்று. கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டதாகவும் இல்லை: 2004 முதல் 2006 வரை அமெரிக்காவில் ஜிடிஓ என்ற பழைய பெயரில் விற்கப்பட்டது, தெற்கு ஆஸ்திரேலியாவின் எலிசபெத் ஆலையில் செய்யப்பட்ட ஹோல்டன் நிறுவனத்தின் மொனாரோ என்ற காரே ஆகும்.

புல்லட்டின் வரலாறும் இதே தடத்தில்தான் செல்கிறது. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் 350 சிசி புல்லட்டை, எல்லைப் பகுதிகளில் சுற்றுக்காவல் செய்வதற்கென இந்திய ராணுவம் 1950களில் தேர்ந்தெடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கிய அதன் சென்னைத் திருவொற்றியூர் ஆலை, பின்னர் படிப்படியாக எல்லாப் பாகங்களையும் தானே செய்யக் கற்றுக்கொண்டது. ஜப்பானிய வண்டிகளின் போட்டியும் நிர்வாகச் சிக்கல்களும் சேர்ந்து பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் தொழிலையே சாய்த்தபோது, 1967இல் ரெடிச் ஆலை மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி முற்றிலும் நின்றது. திருவொற்றியூரிலோ வேலை தடையின்றித் தொடர்ந்தது.

பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் வழக்கப்படி, வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும் இருந்த அந்தப் புல்லட்டுக்குத் தனிப் பழக்கம் தேவைப்பட்டது. பிஸ்டன் மேலேறி நிற்கும் சரியான நிலையை அறிய அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஷர் லிவரைப் பிடித்துக் காற்றழுத்தத்தைக் குறைத்து, லிவரை விட்டபின் கிக்கரை மிதிக்க வேண்டும். தவறினால் கிக்கர் திருப்பி உதைத்துக் காலைப் பதம் பார்க்கும். இந்த நுணுக்கம் தென்மாவட்ட மெக்கானிக்குகளுக்கும் இங்கிலாந்தின் பழைய வண்டிப் பிரியர்களுக்கும் ஒருசேரத் தெரிந்த கைப்பழக்கமாக இருந்தது. 1977இல் சென்னைப் புல்லட் பிரிட்டனுக்கே ஏற்றுமதியானபோது, தம் நாட்டில் மறைந்துவிட்ட வண்டியை அந்நாட்டவர் புதிதாகவே வாங்க முடிந்தது. ஆண்ட நாடு பொருளைச் செய்து ஆளப்பட்ட நாட்டில் விற்கும் பழைய வாணிக முறை, இந்த ஒரு வண்டியின் அளவிலேனும் தலைகீழாயிற்று.

1994இல் என்ஃபீல்டு இந்தியா ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்து ராயல் என்ஃபீல்டு என்ற பெயரைப் பெற்றபின், இரு நாடுகளின் உறவு வேறொரு கட்டத்தை அடைந்தது. வண்டிச் சட்டகங்களை வடிவமைப்பதில் பெயர்பெற்ற ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தை ராயல் என்ஃபீல்டு 2015இல் வாங்கியது. லெஸ்டர்ஷயரில் தொழில்நுட்ப மையம் ஒன்றையும் அமைத்தது. அங்குள்ள பொறியாளர்களும் சென்னைப் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய இரட்டை சிலிண்டர் வண்டிக்கு இன்டர்செப்டர் 650 என்று பெயரிடப்பட்டது. 1960களில் அமெரிக்கச் சந்தையை மனத்தில் கொண்டு ரெடிச் ஆலை செய்த வண்டியின் பெயர் அது.

இரண்டு கதைகளும் பிரியும் இடமும் உண்டு. 2017இல் ஹோல்டன் ஆலையும் மூடப்பட்டு ஆஸ்திரேலியாவில் பெருமளவுக் கார் உற்பத்தியே முடிவுக்கு வந்துவிட்டதால், ஃபால்கனையும் மொனாரோவையும் சுற்றி அமைந்த நட்பு இன்று பழைய வண்டிகளைப் பேணுவோரின் நட்பாக உள்ளது. புல்லட் வளர்த்த உறவோ, ஒரே வண்டியை இரு நாட்டவரும் சேர்ந்து வரைந்து செய்யும் தொழில் உறவாக வளர்ந்திருக்கிறது. இயந்திரத்தின் மீதுள்ள விருப்பம் நட்பைத் தொடங்கிவைக்கப் போதுமானது. ஆனால் அந்நட்பு புதியவற்றைப் படைக்க வேண்டுமானால், பட்டறையும் அதில் வேலை தெரிந்த கைகளும் தொடர்ந்து இருந்தாக வேண்டும் என்பதையே இந்த ஒப்பீடு உணர்த்துகிறது.