எபிசோட் 41: தனியா ஊர் சுத்த எவ்வளவு காசு வேணும்?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்களை நீக்கியிருக்கோம்; பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கோம்.)

போன எபிசோட்ல "14 நாள், 15,000 ரூபாய், தனியா"ன்னு ஒரு வரி சொல்லிட்டுப் போயிட்டேன். அப்புறம் இன்பாக்ஸ் முழுக்க ஒரே மெசேஜ்: "ப்ரோ, கணக்கு சொல்லுங்க." இன்னைக்குக் கணக்கு சொல்றேன். அந்தக் கணக்குல நான் எழுத மறந்த ஒரு வரியையும் சொல்றேன். அதை மறந்ததாலதான் ஒரு சாயங்காலம் ஓர்ச்சாவுல 140 ரூபாயோட நின்னேன்.

ரூட் இதுதான்: சென்னையில் இருந்து போபால், சாஞ்சி, ஜான்சி, ஓர்ச்சா, அமிர்தசரஸ், டெல்லி, திரும்ப சென்னை.

முதல் செலவு: ரயில்

பட்ஜெட் பயணத்துக்கு ஸ்லீப்பர் கிளாஸ்தான் முதுகெலும்பு. சென்னையில் இருந்து போபால் நான் போனப்போ ஏறத்தாழ 600 ரூபாய் ஆச்சு. ராத்திரி ரயில்ல போனா அந்த ராத்திரிக்கு ரூம் வாடகை கிடையாது. இதுதான் பெரிய மிச்சம்.

ரிசர்வேஷன் 60 நாள் முன்னாடி ஓப்பன் ஆகும். முன்னாடி 120 நாளா இருந்தது, 2024 நவம்பர்ல குறைச்சுட்டாங்க. ஆர்ஏசி வந்தா பயப்படாதீங்க. ரயில்ல ஏறலாம், சைடு லோயர் பெர்த்தை இன்னொருத்தரோட பகிர்ந்து உட்காரணும், அவ்வளவுதான். ஆனா ஆன்லைன்ல எடுத்த டிக்கெட், சார்ட் போட்ட பிறகும் வெயிட்டிங் லிஸ்ட்லயே இருந்தா அது தானா கேன்சல் ஆகிடும். பணம் திரும்ப வரும், ஆனா நீங்க ஏற முடியாது. கடைசி நேரம்னா தட்கல். ரயில் கிளம்புறதுக்கு முந்தின நாள் ஏசிக்கு காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி.

நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு, சர்க்குலர் ஜர்னி டிக்கெட். கிளம்பின ஸ்டேஷனுக்கே திரும்பி வர்ற மாதிரி ஒரு சுற்று. நடுவுல அதிகபட்சம் 8 இடத்துல இறங்கிக்கலாம். ரயில்வே கட்டணம் தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்குக் குறைஞ்சுக்கிட்டே போகும். இந்த டிக்கெட்ல மொத்த தூரத்தை ரெண்டாப் பிரிச்சு, ரெண்டு நீளமான பயணமா கணக்குப் பண்றாங்க. அதனால துண்டு துண்டா எடுக்குறதை விட மலிவு. ஆனா ரூட்டை எழுதிக்கொண்டு போய் ஸ்டேஷன்ல கேட்கணும், ஒவ்வொரு ரயிலுக்கும் பெர்த் தனியா ரிசர்வ் பண்ணணும். நாள் தேதி உறுதியா இருக்கிறவங்களுக்கு நல்லது. எனக்கு உறுதியா இல்ல, அதனால தனித்தனியாதான் எடுத்தேன்.

ஒரு சின்ன எச்சரிக்கை: ஜான்சி ஸ்டேஷனோட பேர் இப்போ வீராங்கனா லட்சுமிபாய் ஜான்சி. டிக்கெட்ல அந்தப் பேரைப் பார்த்துட்டு "வேற ஊருக்கு எடுத்துட்டோமோ"ன்னு பதறாதீங்க. நான் பதறினேன்.

ரெண்டாவது: படுக்கை

பெரிய ஸ்டேஷன்கள்ல ரிட்டையரிங் ரூம், டார்மிட்டரி இருக்கும். கன்ஃபார்ம் ஆன டிக்கெட்டோ ஆர்ஏசி டிக்கெட்டோ இருந்தா அந்த பிஎன்ஆரை வெச்சு ஆன்லைன்லயே புக் பண்ணலாம். பகல்ல ஊர் சுத்த மட்டும்னா பையை க்ளோக் ரூம்ல போடலாம். பைக்குப் பூட்டு இருக்கணும், இல்லன்னா வாங்க மாட்டாங்க. போபால்ல இப்படித்தான் பண்ணினேன். காலையில அவல்ல செய்யுற போஹாவும் ஜிலேபியும் சாப்பிட்டுட்டு, 50 கிலோமீட்டருக்குள்ள இருக்குற சாஞ்சிக்குப் போய் அசோகர் காலத்துல ஆரம்பிச்ச ஸ்தூபியைப் பார்த்துட்டு சாயங்காலம் திரும்பிட்டேன்.

எந்த இடத்துல மிச்சம் பிடிக்கக் கூடாதுன்னும் சொல்லிடறேன். புது ஊருக்கு ராத்திரி 2 மணிக்குப் போய் இறங்குற ரயில் 100 ரூபாய் குறைவா இருந்தாலும் வேண்டாம். கிளம்புற நேரத்தைப் பார்க்காதீங்க, சேர்ற நேரத்தைப் பாருங்க. தனியாப் போற என் தோழிகள் எல்லாரும் முதல்ல சொல்ற விதி இது. எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சது.

மூணாவது: சாப்பாடு

ஜான்சியில் இருந்து அமிர்தசரஸுக்கு சச்கண்ட் எக்ஸ்பிரஸ்ல போனேன். நாந்தேட்ல இருந்து வர்ற ரயில். ரெண்டு சீக்கியப் புனிதத் தலங்களை இணைக்குது. வழியில் சில ஸ்டேஷன்கள்ல தன்னார்வலர்கள் வந்து இலவசமா லங்கர் சாப்பாடு கொடுப்பாங்க. தெரிஞ்சவங்க தட்டோட வர்றாங்க. நான் டிபன் பாக்ஸ் மூடியை நீட்டினேன்.

பொற்கோவில்ல லங்கர் எந்நேரமும் நடக்கும். யார் வேணா போகலாம். தலையை மூடிக்கணும், வரிசையா தரையில உட்காரணும், ரொட்டியை ரெண்டு கையாலயும் வாங்கணும், மிச்சம் வைக்கக் கூடாது. தயவுசெஞ்சு இதை "பட்ஜெட் ஹேக்"னு எழுதாதீங்க. அங்க தட்டு கழுவுற இடத்துல யார் வேணாலும் போய் நிக்கலாம். நான் ஒரு மணி நேரம் நின்னேன்.

நான் எழுதாத வரி

இப்போ ஓர்ச்சா. ஜான்சியில் இருந்து ஷேர் ஆட்டோ. பேத்வா ஆத்தங்கரையில் பழைய ராஜாக்களோட சத்ரிகள் வரிசையா நிக்கும், சூரியன் அதுக்குப் பின்னாடி இறங்கும். பாறை மேல நின்னு போட்டோ எடுக்கும்போது போன் கையை விட்டுப் போச்சு. நேரா ஆத்துக்குள்ள.

நாங்க ஆபீஸ்ல "சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்"னு ஒண்ணு சொல்லுவோம். ஒரே ஒரு பாகம் போனா மொத்த சிஸ்டமும் படுத்துடும். அடுத்தவன் டிசைன்ல அதைக் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை. என் டிசைனைப் பாருங்க. பணம் யுபிஐல, அதாவது போன்ல. டிக்கெட் போன்ல. மேப் போன்ல. டெபிட் கார்டு "எதுக்கு?"ன்னு வீட்டுலயே விட்டாச்சு. மெயிலைத் திறக்கலாம்னா ஓடிபி போனுக்குத்தான் வரும். எனக்கு நானே போட்ட பூட்டு.

மனப்பாடமா தெரிஞ்ச நம்பர் ஒண்ணே ஒண்ணு: அம்மாவோடது. ஆனா அம்மாகிட்ட நான் தனியாப் போறேன்னு சொல்லல. "பசங்களோட போறேன்"னு சொல்லியிருந்தேன்.

டீக்கடைக்காரர் போன்ல கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "சரி, கூட வந்த பசங்ககிட்ட போனைக் குடு."

நான் பேசல. ஒரு அஞ்சு செகண்ட் இருக்கும்.

"தனியாத்தான் போயிருக்கியா?"

"ஆமாம்மா."

திட்டு வரும்னு நின்னேன். "அந்தக் கடைக்காரர் பேரு, அவர் நம்பர் ரெண்டையும் சொல்லு. பேனா எடுத்துட்டேன்"னாங்க. அந்த நம்பருக்கு 3,000 ரூபாய் அனுப்பினாங்க, அவர் அதை எண்ணிக் கையில கொடுத்தார். டீக்குக் காசு வாங்கல. டிக்கெட்டை அக்காவுக்கு ஃபார்வர்ட் பண்ணியிருந்தேன். கோச்சும் பெர்த்தும் அவகிட்ட இருந்து அம்மா வழியா வந்துச்சு, கையில எழுதிக்கிட்டேன். ஒரிஜினல் ஆதார் பர்ஸ்ல இருந்ததால டிடிஇ பேரைச் சரிபார்த்துட்டு விட்டுட்டார்.

திட்டு வீட்டுக்கு வந்த பிறகு வந்தது. தனியாப் போனதுக்கு இல்ல. "எங்க இருக்கேன்னு தெரியாம உன்னை எங்க போய்த் தேடுவேன்?"னு கேட்டாங்க. அதுக்கு இன்னும் என்கிட்ட பதில் இல்ல.

இப்போ என் லிஸ்ட்

பைக்குள்ள தனியா 2,000 ரூபாய், பர்ஸ்ல இல்லாம. டெபிட் கார்டு வேற இடத்துல. டிக்கெட்டோட பிரின்ட், ஆதார் நகல். மூணு போன் நம்பர் ஒரு பேப்பர்ல. ரயில்ல பிரச்சினைன்னா 139, மத்த அவசரத்துக்கு 112. அப்புறம் ரூட்டும் ரயில் நம்பரும் அம்மாகிட்ட. இதுக்கெல்லாம் ஒரு பைசா செலவில்ல.

உங்க வேலை இன்னைக்கு ஒண்ணுதான்: காண்டாக்ட் லிஸ்ட்டைப் பார்க்காம எத்தனை நம்பர் சொல்ல முடியுதுன்னு பாருங்க. ஒண்ணுக்குக் கீழன்னா முதல்ல அதை மனப்பாடம் பண்ணிட்டு, அப்புறம் டிக்கெட் போடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.