பழைய காருக்குப் புதிய பேட்டரி

ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏறும் சாலை, ஜவ்வாது மலைக் காட்டினூடே வளைந்து வளைந்து செல்கிறது. வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ள காவலூர், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதையும் தாண்டிச் சென்றால் ஜமுனாமரத்தூர். இந்தப் பாதையில் ஒரு பழைய அம்பாசிடரோ, பிரிமியர் பத்மினியோ இரவு நேரத்தில் பேட்டரி தீர்ந்து நின்றுவிட்டால் என்ன ஆகும்? ‘செல்ஃப்’ சுற்றாது; விளக்கு எரியாது; எஞ்சினுக்குத் தீப்பொறியும் கிடைக்காது. மேட்டுச் சாலையில் காரைத் தள்ளி ஓட வைப்பதும் எளிதல்ல.

அம்பாசிடர் 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன கார். ஆனாலும் அதைப் பேணி ஓட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பேட்டரி மாற்ற வேண்டிய வேளையில் அவர்கள் பலமுறை கேட்கும் அறிவுரை, “இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்துப் போடுங்கள்” என்பது. இது சரிதானா? மாணவர்களே, நீங்கள் பள்ளியில் படித்த ஓம் விதியும் கொஞ்சம் பெருக்கல் வகுத்தலும் இருந்தால் விடை கண்டுவிடலாம்.

குற்றவாளி பேட்டரிதானா?

கடைக்குப் போகுமுன் ஒரு சோதனை. பேட்டரியின் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் படிவு மின்னோட்டத்தைத் தடுக்கும். அதன் மின்தடை 0.02 ஓம் மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். சிறிய விளக்குக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது, 150 × 0.02 = 3 வோல்ட் அந்த உப்பிலேயே வீணாகிவிடும்! விளக்கு எரிகிறது, செல்ஃப் மட்டும் சுற்றவில்லை என்றால் இதுவும் காரணமாக இருக்கலாம். முனைகளைச் சுத்தம் செய்து இறுக்கினாலே கார் கிளம்பிவிடக்கூடும்.

அடுத்து ஒரு வோல்ட்மீட்டர். சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி, முழு மின்னேற்றத்துடன் இருந்தால் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். முழுதும் மின்னேற்றிய பிறகும் செல்ஃப் சுற்றும்போது மின்னழுத்தம் 9.6 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால், பேட்டரி முதுமை அடைந்துவிட்டது எனலாம்.

பெட்டிக்குள் நடப்பது

1859-இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்த காரீய அமில மின்கலமே இன்றும் கார்களில் உழைக்கிறது. நேர்த்தகட்டில் காரீய டை ஆக்சைடு, எதிர்த்தகட்டில் தூய காரீயம், இரண்டுக்கும் நடுவே நீர்த்த கந்தக அமிலம். ஒரு கலம் தருவது சுமார் 2.1 வோல்ட். இத்தகைய 6 கலங்களை வரிசையாக இணைத்தால் 12.6 வோல்ட்.

மின்சாரம் எடுக்கும்போது இரு தகடுகளிலும் காரீய சல்பேட் படிகிறது. மின்னேற்றினால் அது கரைந்து பழைய நிலை திரும்புகிறது. ஆனால் மின்னேற்றாமல் வாரக்கணக்கில் விட்டுவிட்டால் சல்பேட் கெட்டிப்பட்டுப் போகும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் முழுவதும் கரையாது. எப்போதாவது மட்டும் வெளியே எடுக்கப்படும் பழைய கார்களின் பேட்டரிகளைக் கொல்வது பெரும்பாலும் இதுதான்.

எத்தனை வோல்ட்? எந்த முனை?

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் மின்சுற்று 6 வோல்ட். அதில் 12 வோல்ட் பேட்டரியை மாட்டினால் என்ன ஆகும்? மின்தடை மாறாதிருந்தால், மின்னழுத்தம் இரு மடங்காகும்போது மின்திறன் நான்கு மடங்காகும். பல்புகள் கருகிவிடும். ஆகவே, முதலில் பார்க்க வேண்டியது வோல்ட் அளவு.

அடுத்தது ‘எர்த்’. காரின் இரும்புக் கூடே மின்சுற்றின் ஒரு கம்பியாகச் செயல்படுகிறது. இப்போதைய கார்களில் எதிர்முனை கூட்டோடு இணைந்திருக்கும். ஆனால் மாரிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலேயக் கார்களில் நேர்முனையே கூட்டோடு இணைக்கப்பட்டிருந்தது. இது தெரியாமல் முனை மாற்றி இணைத்தால் ஆபத்து. பழைய டைனமோவாக இருந்தால் மெக்கானிக் சரிசெய்துவிடுவார்; பின்னாளில் பொருத்திய ஆல்டர்னேட்டராக இருந்தால் அதன் டையோடுகள் நொடியில் எரிந்துபோகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வழக்கமான பேட்டரியில் நேர்முனைத் தண்டு, எதிர்முனைத் தண்டைவிடச் சற்றுத் தடித்தது. இணைப்பு மாறிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. புதிய பேட்டரியின் முனைகள் பழைய முனைகள் இருந்த பக்கத்திலேயே இருக்க வேண்டும்; இல்லையென்றால் கம்பி எட்டாது. தட்டில் அடங்கும் அளவும் முக்கியம். மலைச் சாலையின் குலுக்கலில் ஆடும் பேட்டரியின் தகடுகள் உதிர்ந்துவிடும்.

வரவு செலவுக் கணக்கு

பேட்டரியை ஒரு தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொண்டால், டைனமோதான் அதை நிரப்பும் குழாய். பழைய கார்கள் பலவற்றில் இருந்த லூகாஸ் சி-40 டைனமோவின் உச்ச வரவு 22 ஆம்பியர். இரவுப் பயணத்தின் செலவைப் பார்ப்போம். இரண்டு முகப்பு விளக்குகள் 90 வாட், சிறு விளக்குகள் 24 வாட், தீப்பொறிச் சுருள் சுமார் 40 வாட். மொத்தம் 154 வாட். இதை 12 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 13 ஆம்பியர். கார் ஓடும்போது வரவு மிஞ்சுகிறது.

எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதுதான் சிக்கல். அப்போது டைனமோ தருவது அநேகமாக ஒன்றுமில்லை. ஏற்றத்தில் தாழ்ந்த கியரில் ஏறும் காரின் எஞ்சின் வேகமாகவே சுற்றும்; ஆகவே மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. எதிரே வரும் பஸ்ஸுக்காக வளைவில் விளக்கோடு காத்து நிற்கும்போதும், இறக்கத்தில் சிலர் செய்வதுபோல் கியரை விடுவித்து உருள விடும்போதும் முழுச் செலவும் பேட்டரியின் தலையில் விழுகிறது. கியரின்றி உருள்வது பிரேக்குக்கும் கேடு, உயிருக்கும் ஆபத்து.

செல்ஃப் எவ்வளவு தின்கிறது? 150 ஆம்பியர் வீதம் 3 விநாடி என்றால், 450 ÷ 3600 = 0.125 ஆம்பியர்-மணிதான். 5 ஆம்பியர் மின்னேற்றம் கிடைத்தால் ஒன்றரை நிமிடத்தில் ஏறக்குறைய ஈடாகிவிடும். மாறாக, 90 வாட் முகப்பு விளக்குகளை அணைக்க மறந்தால் மணிக்கு 7.5 ஆம்பியர்-மணி வீதம் போய்க்கொண்டிருக்கும். 60 ஆம்பியர்-மணி பேட்டரி 8 மணி நேரத்தில் காலி! வெறும் 0.05 ஆம்பியர் மின்கசிவுகூட 30 நாளில் 36 ஆம்பியர்-மணியைக் குடித்துவிடும்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பெரிய பேட்டரி போட்டால் ஸ்டார்ட்டர் கருகிவிடும் என்பது தவறான அச்சம். வோல்ட் சரியாக இருந்தால், மோட்டார் தனக்கு வேண்டிய மின்சாரத்தையே எடுக்கும். ஆனால் தொட்டியைப் பெரிதாக்கினால் குழாயில் நீர் கூடுதலாக வராது. ஒருமுறை முழுதும் தீர்ந்த பெரிய பேட்டரியைச் சிறு டைனமோ நிரப்ப நெடுநேரம் ஆகும். அதுவரை சல்பேட் தன் வேலையைக் காட்டும். கார் தயாரிப்பாளர் குறித்த ஆம்பியர்-மணி அளவோ, அதை ஒட்டிய அளவோ போதும்.

குளிரா, வெப்பமா?

ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறைகிறது. இந்தக் கணக்கில் காவலூர், கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 4.7 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். மார்கழி விடியலில் எஞ்சின் எண்ணெய் தடித்து, செல்ஃப் சற்றுச் சோம்பலாகச் சுற்றலாம். என்றாலும் பனி உறையும் நாடுகளுக்காக -18 டிகிரியில் அளக்கப்படும் ‘குளிர்த் தொடக்க’ எண்ணைத் துரத்திப் பணம் செலவிட வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் பேட்டரிக்கு எமன் வெப்பம்தான். கோடையில் வேலூர்ச் சமவெளி 40 டிகிரியைத் தாண்டுகிறது. எஞ்சின் அருகே இன்னும் அதிகம். வெப்பநிலை ஏறக்குறைய 10 டிகிரி உயர்ந்தால் வேதிவினைகள் இரு மடங்கு வேகமாகின்றன. ஆயுளும் அதற்கேற்பக் குறைகிறது. நீரும் ஆவியாகிறது. பழைய கார்களின் மின்னழுத்தச் சீராக்கி சில வேளைகளில் அளவு மீறி மின்னேற்றிவிடும். எனவே, மூடியைத் திறந்து வாலை வடிநீர் ஊற்றக்கூடிய பேட்டரி இவற்றுக்கு ஏற்றது. முழுதும் மூடப்பட்ட பேட்டரியில் இழந்த நீரைத் திருப்பி ஊற்ற வழியில்லை. லித்தியம் பேட்டரிக்கோ துல்லியமான மின்னேற்றக் கட்டுப்பாடு வேண்டும். பழைய டைனமோவிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

கழற்றிய பேட்டரி எங்கே?

கழற்றும்போது எர்த் கம்பியை முதலில் எடுக்க வேண்டும், மாட்டும்போது கடைசியாக. அப்போதுதான் ஸ்பானர் காரின் கூட்டில் பட்டாலும் குறுக்குச்சுற்று ஏற்படாது. மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் அருகில் நெருப்பு கூடவே கூடாது. அமிலம் கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் அருகிருந்து கணக்குப் பார்க்கலாம்.

கார் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயமும் அதன் சேர்மங்களும்தான். காரீயம் உடலில் சேர்ந்தால் சிறுவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஜவ்வாது மலை செய்யாறு பிறக்கும் மலை. இங்கே ஓடையோரத்தில் உடைத்துக் கொட்டிய பேட்டரியின் நஞ்சு மலையோடு நின்றுவிடாது. நீரோடு கீழே இறங்கும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களுக்கு அளித்துள்ளன. புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையிலும் வழக்கமாகக் கழிவு கிடைக்கும்.

உங்கள் ஊர் மெக்கானிக் பட்டறையில் பழைய கார் ஒன்று நின்றால், அவர் அனுமதியோடு பானெட்டுக்குள் பாருங்கள். எந்த முனையின் கம்பி காரின் கூட்டில் இணைந்திருக்கிறது? எந்தத் தண்டு தடித்திருக்கிறது? டைனமோ மீது எத்தனை ஆம்பியர் என்று பொறித்திருக்கிறதா? விளக்குகளின் வாட் அளவைக் கேட்டு, அந்தக் காரின் வரவு செலவுக் கணக்கை நீங்களே எழுதிப் பாருங்கள். அதற்கு எந்தப் பேட்டரி பொருந்தும் என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.