சென்னையில் எங்கே உண்பது? சிகிச்சைக்கு வந்திருப்போருக்குச் சில பரிந்துரைகள்

வெளியூர்களிலிருந்து சிகிச்சைக்காகச் சென்னைக்கு வரும் குடும்பத்தினர் எங்கள் வரவேற்பு மேசையில் முதலில் விசாரிப்பது தங்கும் அறையைப் பற்றி. அடுத்து விசாரிப்பது நல்ல உணவகத்தைப் பற்றி. இரண்டாவது கேள்விக்கு ஊரறிந்த பெயர்கள் நான்கைந்தைச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆயினும் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு ஏற்ற உணவகம் வேறு. கையில் மருந்துச் சீட்டுடன் நிற்பவருக்கு ஏற்ற உணவகம் வேறு. ஆகவே எங்கள் உணவியல் பிரிவினருடன் கலந்து பேசி, நகரின் சில உணவகங்களையும், அங்கே யார் எதை உண்ணலாம் என்பதையும் இங்கே எழுதுகிறோம். உங்கள் மருத்துவர் குறித்துத் தந்த பத்தியம் எதுவோ அதுவே முதன்மையானது. இவை அதற்கு உட்பட்ட குறிப்புகளே.

முதலில் துணையிருப்போரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோயாளியின் தட்டில் மீந்ததையோ, ஒரு தேநீரையும் பன்னையும் கொண்டோ நாள் முழுவதையும் கழித்துவிடுவோரை வார்டுகளில் அன்றாடம் காண்கிறோம். சென்ற கோடையில், மனைவியின் அறுவைச் சிகிச்சைக்காகத் தென்மாவட்டம் ஒன்றிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் நடைக்கூடத்தில் மயங்கிச் சாய்ந்தார். பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்பவர். அன்று காலை மாத்திரையை மறவாமல் விழுங்கியிருக்கிறார். மருத்துவர் எந்நேரமும் அழைக்கக்கூடும் என்று காத்திருந்ததில் உணவை விட்டுவிட்டார். இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்தவர் முதலில் கேட்டது மனைவியைப் பற்றியே. இன்சுலின் போட்டுக்கொள்வோரும், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்வோரும் துணையிருப்பவர்களாக வரும்போது, உணவு கைக்கு வருவது உறுதியான பின்னரே அன்றைய மருந்தை எடுத்துக்கொள்வது நலம். செவிலியரிடம் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு அரைமணி நேரம் வெளியே சென்று உண்டு வருவதை எவரும் குறையாக நினைப்பதில்லை.

அந்த அரைமணி நேரத்தை எப்போது ஒதுக்குவது என்பதிலும் கவனம் வேண்டும். சென்னையின் சைவ உணவகங்களில் பெரும்பாலானவை காலைச் சிற்றுண்டியை 11 மணியளவில் நிறுத்திவிடும். சாப்பாடு நண்பகலை ஒட்டித் தொடங்கி 3 மணி அல்லது 3.30 மணிவரை கிடைக்கும். அதன்பின் மீண்டும் சிற்றுண்டிதான். சோறு கேட்டால் இல்லை என்பார்கள். புறநோயாளர் பிரிவில் காத்திருந்து, பரிசோதனைகளை முடித்து, மருந்தகத்தின் வரிசையையும் கடந்து வெளியே வரும்போது மணி நாலாகிவிடுவது வழக்கம். ஆதலால் உங்கள் எண் வர இன்னும் நேரமிருக்கிறதென்று தெரிந்தால், நண்பகலுக்கு முன்பே ஒருவர் மாற்றி ஒருவர் சென்று உண்டு வந்துவிடுங்கள்.

திருவல்லிக்கேணியில் அறை எடுத்திருப்போர் ஒருவகையில் நல்வாய்ப்புப் பெற்றவர்கள். மேன்ஷன்களில் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்களை நம்பியே பல மெஸ்கள் அங்கு நடக்கின்றன. அதனால் விலை மிஞ்சுவதில்லை, உணவும் வீட்டுச் சமையலுக்கு அருகில் நிற்கிறது. அக்பர் சாகிப் தெருவிலுள்ள காசி விநாயகா மெஸ்ஸில் முதலில் டோக்கன் வாங்க வேண்டும். உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க இடமில்லை. எனினும் எளிய சைவச் சாப்பாடு சூடாகவும் தூய்மையாகவும் கிடைக்கும். மீன் உண்பவர்கள் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தின் அருகிலுள்ள நாயர் மெஸ்ஸுக்கு நடந்தே செல்லலாம்.

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் 1948 முதல் இயங்கிவரும் ரத்னா கஃபேயைப் பரிந்துரைக்கும்போது மட்டும் எங்களுக்குச் சிறு தயக்கம் உண்டு. இட்லி மூழ்கும்வரை சாம்பார் ஊற்றுவதே அவ்விடத்தின் பெருமை. துணையிருப்பவர் ஒருமுறையேனும் அதைச் சுவைத்துவிட்டுத்தான் ஊர் திரும்ப வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆனால் இதயச் செயலிழப்பு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் ஆகியவற்றுக்காக வந்திருப்பவருக்கு ஒரு கிண்ணச் சாம்பாரே கணிசமான உப்பைச் சேர்த்துவிடும். நலமாயிருக்கும் ஒருவர்கூட நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு என்று இலையின் ஓரத்தில் இருப்பவையே அதில் பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும்.

உணவகத்தில் உப்பைக் குறைத்துத் தாருங்கள் என்று கேட்டுப் பயனில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். மாவும் சாம்பாரும் விடியற்காலையிலேயே உப்பிட்டு ஆயத்தமானவை. மாறாக, உப்பில்லாமலே சமைக்கப்படுவது எது என்று தேடுவதே வழி. நம் ஊர் உணவகங்களில் வெறுஞ்சோற்றில் பொதுவாக உப்புச் சேர்ப்பதில்லை; கட்டித் தயிரிலும் இல்லை. இதய நோயாளி சோற்றுடன் தயிரும் பொரியலும் எடுத்துக்கொண்டு, குழம்பை ஒரு கரண்டியோடு நிறுத்தி, ஊறுகாயை இலையில் வைக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பெரும்பகுதி காப்பாற்றப்பட்டுவிடும். தயிர்சாதம் என்று கேட்டு வாங்கினால் அதில் உப்பு கலந்தே வரும். சிறுநீரக நோயாளிகளுக்கு இன்னுமொரு எச்சரிக்கை: வெயிலுக்கு இதமாக இருக்குமென்று தெருவோரத்து இளநீரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் மிகுதி; சிறுநீரகம் அதை வெளியேற்ற இயலாதபோது இதயத் துடிப்பே தடுமாறக்கூடும்.

மயிலாப்பூர் அருண்டேல் தெருவிலுள்ள ராயர் மெஸ்ஸைப் பலரும் கேட்கிறார்கள். மிகச் சிறிய இடம். காலையிலும் பிற்பகலிலும் சிற்றுண்டி மட்டுமே. இட்லியும் பொங்கலும் வடையும் காத்திருப்புக்குத் தகுதியானவைதாம். ஆனால் காத்திருக்க நேரிடும் என்பதை மனத்திற்கொண்டு செல்லுங்கள். உணவுக்குப் பிந்தைய இரத்தப் பரிசோதனை உள்ள நாளில் அங்குச் செல்லவே வேண்டாம். அப்பரிசோதனையின் இரண்டு மணி நேரம் முதல் கவளத்தை வாயில் வைத்த நொடியிலிருந்து எண்ணப்படுகிறது. உண்டு முடித்த நேரத்திலிருந்து அன்று. வரிசையில் ஒரு மணி நேரம், திரும்பும் வழியில் போக்குவரத்து நெரிசல் என்று கணக்குத் தவறினால், வரும் முடிவை வைத்து மருத்துவர் மருந்தின் அளவைச் சரியாகத் தீர்மானிக்க இயலாது. அன்று மருத்துவமனைக்கு அருகிலேயே, வீட்டில் வழக்கமாக உண்ணும் அளவில், வழக்கமான சிற்றுண்டியை உண்ணுங்கள். தைராய்டு மாத்திரை உட்கொள்வோர் விடுதி வாசலில் மணக்கும் ஃபில்டர் காபிக்குச் சற்றுப் பொறுமை காட்ட வேண்டும்: மாத்திரைக்குப் பின் அரைமணி முதல் ஒரு மணி நேரம். காபி அம்மருந்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும்.

மிகுந்த கவனம் வேண்டுவது புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போருக்கும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டோருக்கும். மருந்தின் விளைவாக வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில், மற்றவருக்கு வெறும் வயிற்றுக் கோளாறோடு போகக்கூடிய கிருமி இவர்களைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவுவரை கொண்டு சென்றுவிடும். மருத்துவர் வெளி உணவே வேண்டாம் என்று சொல்லியிருந்தால், மேற்கொண்டு எதையும் படிக்க வேண்டாம். அனுமதி இருக்குமானால் எங்கள் அளவுகோல் இதுவே: கண்முன் ஆவி பறக்க வரவேண்டும், வந்ததும் உண்ண வேண்டும். இட்லித் தட்டிலிருந்து நேரே இலைக்கு வரும் இட்லி, இடியாப்பம், கல்லிலிருந்து எடுத்த தோசை ஆகியவை இதில் தேறும். தேங்காய்ச் சட்டினி தேறாது. பச்சைத் தேங்காயை அரைத்து, சூடேற்றாமல், சென்னை வெயிலில் பல மணி நேரம் வாளியில் வைத்திருப்பார்கள். எவ்வளவு பெயர்பெற்ற கடையாயினும் இதில் வேறுபாடில்லை. வெங்காயப் பச்சடி, நறுக்கி வைத்த பழம், பனிக்கட்டி போட்ட சாறு, தூவிய கொத்துமல்லி ஆகியவையும் அப்படியே. தொட்டுக்கொள்ளக் கொதிக்கும் சாம்பாரைத் தனியே கேளுங்கள். வாயில் புண் வந்து காரம் தாங்காதவர்களுக்கு இடியாப்பத்தில் காய்ச்சிய பாலை ஊற்றிக் கொடுக்கலாம். குடிக்கச் சுடுதண்ணீர் வேண்டுமென்றால் சென்னையில் எந்த உணவகத்திலும் முகம் சுளிக்காமல் கொண்டுவந்து தருவார்கள். அது இவ்வூரின் நல்ல வழக்கங்களுள் ஒன்று.

புதிய உணவகம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பெயர்ப்பலகையைவிடக் கூட்டத்தை நம்புங்கள். ஆள்நடமாட்டம் மிகுந்த கடையில் உணவு தேங்கி நிற்பதில்லை. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணைக் கல்லாவின் அருகில் காண முடிகிறதா என்பதையும், கை கழுவுமிடம் எவ்வாறு இருக்கிறது என்பதையும் பாருங்கள். கை கழுவுமிடத்தைக் கவனிக்காதவர் அடுக்களையைக் கவனிப்பார் என்று எதிர்பார்க்க இயலாது.

எழும்பூர் பகுதியில் தங்கியிருப்போருக்கு இரயில் நிலையத்தின் எதிரிலுள்ள வசந்த பவன் கைகொடுக்கும். இரவு இரயிலுக்குக் காத்திருப்போருக்கும் அதுவே வசதி. கிரீம்ஸ் சாலையின் சந்துகளில் வங்காள மொழிப் பலகைகளைக் கண்டு வியக்க வேண்டாம். சிகிச்சைக்காகக் கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருவோர் பல்லாண்டுகளாக அங்கே தங்குவதால், கடுகெண்ணெய் மணக்கும் மீன் குழம்பும் சோறும் அங்கு எளிதில் கிடைக்கின்றன. உங்கள் பக்கத்துப் படுக்கையில் அம்மொழி பேசுவோர் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். சப்பாத்தியும் பருப்பும் விரும்பும் வடமாநிலத்தவருக்குச் சௌகார்பேட்டை.

சிகிச்சை வாரக்கணக்கில் நீளும்போது மேற்சொன்ன இடங்களும் கையைக் கடிக்கத் தொடங்கும். 2013-இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்களைச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுவோரைப் பார்க்கிறோம்; கூச்சத்துக்குக் காரணமே இல்லை. தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், பொங்கலும் சாம்பார் சாதமும் 5 ரூபாய், தயிர்சாதம் 3 ரூபாய் என விலை வைத்தார்கள். மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைக்கிறார்கள். அரசுப் பொது மருத்துவமனைகளின் வளாகங்களிலும் இவை உண்டு. கூட்டம் இருப்பதால் இட்லி ஆறுவதற்குள் தீர்ந்துவிடுகிறது. கோயில்களில் 2002 முதல் நடைபெறும் அன்னதானத் திட்டத்தின்படி மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலிலும் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலிலும் நண்பகலில் உணவளிக்கிறார்கள். சற்று முன்னதாகவே சென்று இடம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அண்ணா சாலையில் 1951-இல் தொடங்கிய புகாரி உணவகத்தின் பிரியாணியைப் பற்றி அண்மையில் ஓர் அம்மா எங்கள் செவிலியரிடம் மெல்லிய குரலில் கேட்டார். மகன் கஞ்சியும் இட்லியுமாக மூன்று வாரங்களாகப் படுத்திருக்கையில் தாம் மட்டும் போய் உண்ணலாமா என்பதே அவருடைய உண்மையான கேள்வி. போய் வாருங்கள் அம்மா, இங்கே நாங்கள் இருக்கிறோம் என்றார் செவிலியர். நாங்களும் அதையே சொல்வோம். ஒன்று மட்டும்: வார்டுக்குள் பொட்டலமாகக் கொண்டுவராதீர்கள். உண்ண இயலாதவர்கள் பலர் படுத்திருக்கும் அறையில் அந்த மணம் பரவுவது கொடுமை. கீமோதெரபியால் குமட்டலில் இருப்போருக்கு வாந்தியையே வருவித்துவிடும்.

நோயாளிக்கு வாங்கி வருவோர் ஓர் எவர்சில்வர் தூக்கையோ அடுக்குக் கேரியரையோ ஊரிலிருந்தே கொண்டு வாருங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை இருந்தும், கொதிக்கும் சாம்பாரை மெல்லிய பையில் கட்டித் தரும் கடைகள் இன்னும் இருக்கின்றன. பாத்திரத்தை நீட்டினால் அதில் ஊற்றித் தருவார்கள். வாங்கிய உணவை இரண்டு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும். காலையில் வாங்கியதை இரவுக்கு எடுத்து வைக்க வேண்டாம்.

இரவு பத்தரைக்கு மேல் பசித்தால் பெரும்பாலும் கொத்துப் பரோட்டாவின் ஓசைதான் வரவேற்கும். அது துணையிருப்பவருக்கு. நோயாளிக்காக மாலையிலேயே ஆவின் பாலகத்தில் ஒரு பாக்கெட் பாலும், பக்கத்துக் கடையில் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீலநிறப் பாக்கெட்டில் கொழுப்பு 3 விழுக்காடு, ஆரஞ்சு நிறத்தில் 6. இதய நோயாளிக்கு நீலமும், உடல் மெலிந்து எடை கூட வேண்டியவருக்கு ஆரஞ்சும் ஏற்றவை. பாலைக் காய்ச்சித் தரும்படி வார்டின் சிற்றறையில் உள்ள பணியாளரிடம் கேட்கலாம்.