லாக் எல்லா ஆபீஸ்லயும் இருக்கு... ஆனா யாரு பாக்குறா? உங்க கம்பெனி பணம், உங்க வேலை, உங்க சேமிப்பு மூணுக்கும் இதுதான் காவல்

ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கலாம். காலையில ஆபீஸ் போறீங்க, பிரிண்டர் வேலை செய்யல. என்ன பண்ணுவீங்க? ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவீங்க. சரியாகலன்னா ஐடி டீமுக்கு மெசேஜ் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவீங்க. நானும் அதைத்தான் பண்ணுவேன்.

2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. டாக்காவில் இருக்கும் பங்களாதேஷ் மத்திய வங்கியிலும் இதேதான் நடந்தது. வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கான சுவிஃப்ட் செய்திகளைத் தானாக அச்சிடும் பிரிண்டர் ஓடவில்லை. வழக்கமான கோளாறுன்னு நினைச்சுட்டாங்க. ஆனா முந்தின நாள் ராத்திரியே ஹேக்கர்கள் அந்த வங்கியின் பெயரில், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 பணப் பரிமாற்ற உத்தரவுகளை அனுப்பியிருந்தாங்க. மொத்தம் சுமார் 95 கோடி டாலர்! பிரிண்டரை முடக்கியதும் அவங்கதான். அது ஓடியிருந்தா, காலையிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

பெரும்பாலான உத்தரவுகள் நியூயார்க்கிலேயே நின்னுடுச்சு. அஞ்சு மட்டும் நிறைவேறியது. அதில் இலங்கைக்குப் போன 2 கோடி டாலர், பெறுபவர் பெயரில் 'ஃபவுண்டேஷன்'ங்கிற வார்த்தை எழுத்துப்பிழையோட இருந்ததால சந்தேகப்பட்டு நிறுத்தப்பட்டது. மிச்சம் 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவுக்குப் போயிடுச்சு. டாக்காவில் வெள்ளி, சனி விடுமுறை. நியூயார்க்கில் சனி, ஞாயிறு விடுமுறை. மணிலாவில் திங்கள்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. எல்லாரும் விழிச்சுப் பார்க்கிறதுக்குள்ள பணம் கேசினோ வழியா கரைஞ்சுடுச்சு.

நம்ம கும்பகோணத்துலயும் இதே டெக்னிக்

சரியா ரெண்டு வருஷம் கழிச்சு, 2018 பிப்ரவரி 6. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி. அங்கேயும் சுவிஃப்ட் பிரிண்டர் முடக்கப்பட்டது. துபாய்க்கு 5 லட்சம் டாலர், துருக்கிக்கு 3 லட்சம் யூரோ, சீனாவுக்கு 10 லட்சம் டாலர்னு மூணு போலி பரிமாற்றங்கள்.

ஆனா இங்கே ஒரு வித்தியாசம். மறுநாள் காலை, பிப்ரவரி 7, வழக்கமா தினமும் செய்யும் ரீகன்சிலியேஷன்ல, அதாவது நம்ம கணக்கையும் எதிர்த்தரப்புக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, இந்த மூணும் தங்க வங்கி அனுப்பினது இல்லைன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. உடனே மத்த வங்கிகளுக்குத் தகவல் போனது. துபாய்க்குப் போனது தடுக்கப்பட்டது. துருக்கிப் பணம் அங்கேயே முடக்கப்பட்டது. சீனாவுக்குப் போனதை மட்டும் போலி ஆவணம் காட்டி எடுத்துட்டாங்கன்னு வங்கி அறிவித்தது.

தந்திரம் ஒண்ணுதான். ஆனா ஒரு இடத்துல பதிவைப் பார்த்துச் சுதாரிக்கப் பல நாள் ஆச்சு, இன்னொரு இடத்துல மறுநாள் காலையே யாரோ பார்த்தாங்க. இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போறது இந்த ஒரே விஷயம்தான்: பதிவு இருந்தா மட்டும் போதாது, அதை நேரத்துக்கு ஒருத்தர் பார்க்கணும்.

சரி, லாக்னா என்ன?

அபார்ட்மெண்ட் வாசல்ல செக்யூரிட்டி அண்ணா வச்சிருக்கிற நோட்டு ஞாபகம் இருக்கா? யாரு வந்தாங்க, எப்போ வந்தாங்க, எந்த வீட்டுக்கு, எப்போ போனாங்க. கம்ப்யூட்டர் லாகும் அதேதான். யாரோட ஐடி, எந்த நேரம், எந்த இடத்திலிருந்து, என்ன செஞ்சாங்க. உங்க மெயில், டேலி, விபிஎன், ஆபீஸ் வைஃபை, ஹெச்ஆர் போர்ட்டல் எல்லாமே இப்படி எழுதிக்கிட்டே இருக்கு.

பிரச்சினை என்னன்னா, ஒரு நடுத்தர கம்பெனியிலேயே ஒரு நாளைக்கு லட்சக்கணக்கான வரிகள் சேரும். மனுஷன் உட்கார்ந்து படிக்க முடியாது. அதனால எல்லா லாகையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, வித்தியாசமா எது நடந்தாலும் மணி அடிக்கிற மென்பொருள் இருக்கு. அதுக்குப் பேர் 'சீம்'. அந்த மணிச்சத்தம் கேட்டு ஓடிவர்ற டீமுக்குப் பேர் 'சாக்'. பெரிய வங்கிகள்ல இது 24 மணி நேரமும் ஓடும்.

எதுக்கெல்லாம் மணி அடிக்கும்? சில உதாரணங்கள்:

- ஒரே ஐடியில 10 மணிக்குச் சென்னையில லாகின், 10:20-க்கு வேறொரு நாட்டுல லாகின்.
- நாப்பது தடவை தப்பான பாஸ்வேர்ட், நாப்பத்தொண்ணாவது தடவை சரியான பாஸ்வேர்ட்.
- ராத்திரி 11:40-க்கு ஒரு சப்ளையரோட பேங்க் அக்கவுண்ட் நம்பர் மாத்தப்படுது, காலை 9:30-க்கு அதுக்குப் பணம் போகுது.
- ஒருத்தரோட மெயில் பெட்டியில, வர்ற மெயிலையெல்லாம் வெளி முகவரிக்குத் தானா அனுப்பும் செட்டிங் புதுசா முளைக்குது.
- லாக் எழுதுறதே திடீர்னு நின்னுடுது. (இதுதான் பெரிய மணி. டாக்கா பிரிண்டரை நினைச்சுக்கோங்க!)

இன்னொரு விஷயம். உள்ளே புகுந்தவன் முதல்ல அழிக்கப் பார்க்கிறது லாகைத்தான். திருடன் சிசிடிவி பெட்டியையே தூக்கிட்டுப் போற மாதிரி. அதனால லாகோட நகல் வேறொரு இடத்துல, சாதாரண அட்மின் கை வைக்க முடியாத இடத்துல இருக்கணும். பங்களாதேஷ் வங்கியில சுவிஃப்ட் கம்ப்யூட்டர்களை இணைக்க 10 டாலர் விலையுள்ள பழைய ஸ்விட்சுகளைத்தான் பயன்படுத்தியிருந்தாங்கன்னு அந்த நாட்டுப் புலனாய்வு அதிகாரி சொன்னார். ஹேக்கர்கள் உள்ளே என்ன செஞ்சாங்கன்னு பின்னால கண்டுபிடிக்கிறதும் அதனாலேயே கஷ்டமாச்சு.

'நான் சாதாரண எம்ப்ளாயி, எனக்கென்ன?'

இங்கதான் என் அனுபவத்துல ஒண்ணு சொல்லணும். மெஷின் பாகம் தயாரிக்கிற ஒரு சின்ன கம்பெனி, எங்க கிளையண்ட். அக்கவுண்ட்ஸ்ல ஒரு பொண்ணு, வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம். ஒரு சப்ளையர் கிட்டேர்ந்து 'எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு'ன்னு மெயில். லெட்டர்ஹெட், இன்வாய்ஸ் நம்பர் எல்லாம் பக்காவா இருந்தது. முதலாளி மெயில் ஐடியிலேர்ந்து 'மாத்திடும்மா, பேமெண்ட் போட்டுடு'ன்னு ஒப்புதலும் வந்தது. 11 லட்சத்து 40 ஆயிரம் போயிடுச்சு.

மூணு வாரம் கழிச்சு உண்மையான சப்ளையர் போன் பண்ணி 'என் பணம் எங்க சார்?'னு கேட்கும்போதுதான் விஷயமே தெரியும். முதலாளி 'நான் அப்படி மெயிலே போடலையே'ன்னு சொல்லிட்டார். டேலி எடிட் லாக்ல அக்கவுண்ட் நம்பரை மாத்தினது அந்தப் பொண்ணோட ஐடி. எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தாங்க. போலீஸ் கம்ப்ளைண்ட்ல அவ பேரைச் சேர்க்கலாம்னு பேச்சு வந்துடுச்சு.

நாங்க மெயில் சர்வீஸோட லாகின் லாகை எடுத்துப் பார்க்கச் சொன்னோம். முதலாளியோட மெயில் பெட்டியில வெளிநாட்டு முகவரியிலேர்ந்து யாரோ நுழைஞ்சு, 'இன்வாய்ஸ்'னு இருக்கிற மெயில் எல்லாம் வெளியே போற மாதிரி செட் பண்ணியிருந்தான். அந்த ஒப்புதல் மெயிலை அனுப்பினதும் அவன்தான். அந்தப் பிளான்ல லாகின் லாக் 30 நாள்தான் இருக்கும். நாங்க பார்த்தது 26-வது நாள். இன்னும் ஒரு வாரம் 'பார்த்துக்கலாம்'னு விட்டிருந்தா, அவ பக்கம் பேச ஒரு சாட்சியும் இருந்திருக்காது.

பணம் திரும்பக் கிடைக்கல. ஆனா அவளுக்கு வேலையும் பேரும் தப்பிச்சது. லாக்னா நம்மள வேவு பார்க்கிற சமாச்சாரம்னுதான் பலரும் நினைக்கிறோம். தப்பு செய்யாதவங்களுக்கு அதைவிட நல்ல வக்கீல் கிடையாது. ஒரே நிபந்தனை: ஐடி உங்க கையில மட்டும் இருக்கணும். மூணு பேர் ஒரே டேலி பாஸ்வேர்டைப் பயன்படுத்தினா, லாக் உங்களைக் காப்பாத்தாது, மாட்டிவிடும்!

சட்டம் என்ன சொல்லுது?

1. செர்ட்-இன் உத்தரவு, 2022 ஏப்ரல் 28: கம்பெனிகள் தங்க ஐடி சிஸ்டம்களோட லாகை 180 நாள் பாதுகாக்கணும். குறிப்பிட்ட வகை சைபர் சம்பவம் தெரிய வந்தா 6 மணி நேரத்துக்குள்ள செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்கணும். எல்லா சிஸ்டத்தோட கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டணும்னும் சொல்லியிருக்கு. ஒரு லாக் 10:05-ன்னும் இன்னொண்ணு 9:50-ன்னும் காட்டினா, எது முதல்ல நடந்ததுன்னே தெரியாதே.

2. கம்பெனி சட்ட விதி, 2023 ஏப்ரல் 1 முதல்: கம்பெனிகளோட கணக்கு மென்பொருள்ல எடிட் லாக் கட்டாயம். யார், எப்போ, எதை மாத்தினாங்கன்னு பதிவாகணும், அதை ஆஃப் பண்ண முடியக் கூடாது. வருஷம் முழுக்க அது ஓடினதான்னு ஆடிட்டர் ரிப்போர்ட்ல நாங்க எழுதணும். ஆடிட்டர் ஏன் அதை இவ்வளவு நோண்டுறாருன்னு இப்போ புரியுதா?

ஆபீஸ்ல நீங்க செய்ய வேண்டியது

- ஐடி, பாஸ்வேர்ட், ஓடிபி எதையும் சக ஊழியருக்குக் கொடுக்காதீங்க. 'லீவுல இருக்கேன், என் ஐடியில போட்டுடுங்க'ங்கிற பேச்சே வேண்டாம்.
- பேங்க் அக்கவுண்ட் மாற்றம்னு மெயில் வந்தா, அந்த மெயில்ல இருக்கிற நம்பருக்கு இல்ல, உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கிற பழைய நம்பருக்குப் போன் பண்ணிக் கேளுங்க. கேட்ட தேதி, நேரம், பேசினவர் பேர் மூணையும் எழுதி வைங்க. அதுவும் ஒரு லாக்தான்.
- ஏதாவது வித்தியாசமா இருந்தா, தப்பான லிங்கை நீங்களே கிளிக் பண்ணியிருந்தாலும், உடனே எழுத்துல சொல்லுங்க. திட்டு விழும்தான். ஆனா மறைச்சு வச்ச ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குக் கொடுக்கிற போனஸ்.

உங்க சொந்த 'சாக்': மாசம் 15 நிமிஷம்

கம்பெனிக்கு டீம் இருக்கும். உங்க பணத்துக்கு நீங்கதான் டீம். சம்பளம் வர்ற வாரத்துல இதை ஒரு பழக்கமா வச்சுக்கோங்க.

1. பேங்க் ஸ்டேட்மெண்ட்: சிட்டி யூனியன் வங்கி செஞ்ச அதே ரீகன்சிலியேஷன். வரி வரியா பாருங்க. எதுக்குன்னே தெரியாத 99 ரூபாயையும் விடாதீங்க.
2. கூகுள் அக்கவுண்ட்: செக்யூரிட்டி பக்கத்துல 'உங்க சாதனங்கள்' பட்டியலைப் பாருங்க. உங்களுடையது இல்லாத போன் இருந்தா வெளியேத்துங்க. ஜிமெயில் செட்டிங்ல ஃபார்வர்டிங் இருக்கான்னும் பாருங்க.
3. ஏ.ஐ.எஸ்.: வருமான வரி போர்ட்டல்ல உங்க பான் பேர்ல பதிவான வட்டி, பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் தகவல் எல்லாம் இருக்கும். நீங்க செய்யாத பரிவர்த்தனை தெரிஞ்சா அங்கேயே மறுப்புத் தெரிவிக்கலாம். இதை மூணு மாசத்துக்கு ஒருமுறை பார்த்தா போதும்.
4. கிரெடிட் ரிப்போர்ட்: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நாலும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா தரணும். மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்தி எடுத்தா, வருஷம் முழுக்க இலவசக் கண்காணிப்பு. உங்க பேர்ல யாராவது லோன் வாங்கியிருந்தா இங்கே தெரிஞ்சுடும்.

எஸ்எம்எஸ் அலர்ட்டுக்கு விலை இருக்கு

ஆர்பிஐ 2017 ஜூலை 6-ல வெளியிட்ட சுற்றறிக்கையைத் தெரிஞ்சுக்கோங்க. தப்பு உங்க மேலயும் இல்ல, பேங்க் மேலயும் இல்ல, வேற எங்கேயோ நடந்த மோசடின்னா: பேங்க் கிட்டேர்ந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள்ள சொன்னா உங்க பொறுப்பு பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாள்னா, சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நீங்க சுமக்கணும். 7 நாள் தாண்டினா, உங்க பேங்கோட பாலிசி என்ன சொல்லுதோ அதுதான். அதனால அந்தப் பாலிசியையும் பேங்க் வெப்சைட்ல ஒருமுறை படிச்சு வைங்க.

ஓடிபி-யை நீங்களே கொடுத்திருந்தா? பேங்குக்குச் சொல்ற வரைக்கும் போன பணம் உங்க தலையில. சொன்ன பிறகு போறது பேங்க் பொறுப்பு. அதாவது ரெண்டு விஷயத்துலயும் கடிகாரம்தான் உங்க பணத்தை முடிவு பண்ணுது. அலர்ட் எஸ்எம்எஸ்ஸைப் படிக்காம ஸ்வைப் பண்ணித் தள்ளுறவங்க, ஓடாத பிரிண்டரைக் கண்டுக்காம விட்ட ஆபீஸ் மாதிரிதான்.

மோசடி நடந்துட்டா வரிசை இதுதான்: முதல்ல பேங்குக்குப் போன் பண்ணிப் புகார் நம்பர் வாங்குங்க. அடுத்த நிமிஷமே 1930. அப்புறம் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்துல எழுத்துல புகார். ஸ்க்ரீன்ஷாட், எஸ்எம்எஸ் எதையும் அழிக்காதீங்க.

இதைப் படிச்சு முடிச்ச கையோட ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க மெயில்ல ஃபார்வர்டிங் செட்டிங்கைத் திறந்து பாருங்க, ரெண்டு நிமிஷம்தான் ஆகும். அங்கே உங்களுக்குத் தெரியாத ஒரு முகவரி இருந்தா, கமெண்ட்ல எழுதுறதுக்கு முன்னாடி பாஸ்வேர்டை மாத்திடுங்க! ஏ.ஐ.எஸ். எப்படிப் பார்க்கிறதுன்னு அடுத்த வீடியோவுல ஸ்க்ரீன்ல காட்டுறேன். அக்கவுண்ட்ஸ்ல வேலை பார்க்கிற உங்க நண்பர் ஒருத்தருக்கு இதை அனுப்புங்க. அவங்களுக்குத்தான் முதல்ல தேவைப்படும்.