பிக்காசோவின் வீட்டுப்பாடம் பார்க்கலாம், வாங்க!

பார்சிலோனாவில் மொன்காதா என்றொரு குறுகலான தெரு. இரண்டு பக்கமும் பழைய கல் மாளிகைகள். அங்கேதான் இருக்கிறது பிக்காசோ அருங்காட்சியகம். கண் ஓரிடம், மூக்கு ஓரிடம் என்று வரைந்த அந்தப் பிக்காசோவைத் தேடி உள்ளே போகிறவர்களுக்கு முதல் அறைகளிலேயே இன்ப அதிர்ச்சி காத்திருக்கிறது. உலகப் புகழ் ஓவியர் அங்கே இல்லை. அப்பாவின் பெயரான ரூயிஸைச் சேர்த்துக் கையெழுத்துப் போடும் ஒரு பள்ளிக்கூடப் பையன் இருக்கிறான்!

1890. பையனுக்கு ஒன்பது வயது, ஸ்பெயினின் மலாகா நகரில் வாசம். கதாயுதம் ஏந்திய ஹெர்குலிஸைப் பென்சிலில் வரைந்திருக்கிறான். பக்கத்தில் இன்னொரு தாளைப் பாருங்கள்: காளைச் சண்டை. அதே தாளைத் தலைகீழாகத் திருப்பினால் புறாக்கள்! வேறு தாள் எடுக்கக்கூடப் பொறுமையில்லாத அந்த வேகத்தைப் பார்த்தால் அள்ளிக் கொஞ்சத் தோன்றுகிறது. புறா எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? அப்பா ஹோசே ரூயிஸ் ஓவிய ஆசிரியர். புறா வரைவதென்றால் அவருக்குக் கொள்ளைப் பிரியம்.

1891-இல் குடும்பம் லா கொருன்யாவுக்குக் குடிபோனது. அங்கே பையன் என்ன செய்தான் தெரியுமா? சொந்தமாகப் பத்திரிகை நடத்தினான்! ஆசிரியர், ஓவியர், நிருபர் எல்லாம் அவனே. கையாலேயே எழுதி, ஊர்க் காற்றையும் மழையையும் கிண்டலடித்துப் படம் போட்டு, மலாகாவில் இருந்த சொந்தக்காரர்களுக்கு அனுப்பினான். உயர் ரகப் புறாக்கள் வாங்கப்படும் என்று விளம்பரம் வேறு! பாடப்புத்தகங்களின் ஓரங்களையும் அவன் விட்டுவைக்கவில்லை.

இதையெல்லாம் குப்பையில் போடாமல் காப்பாற்றியது யார்? வீடுதான். பார்சிலோனாவில் அம்மாவும் தங்கை லோலாவும் இருந்த வீட்டில் எல்லாம் அப்படியே பத்திரமாக இருந்தன. 1963-இல் அருங்காட்சியகம் திறந்தபோது ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி. பிராங்கோவை எதிர்த்த பிக்காசோவின் பெயரைப் பலகையில் போட முடியாது என்பதால், அவருடைய நண்பர் சபார்த்தேஸின் பெயரில்தான் அது திறந்தது. 1970-இல் பிக்காசோ அந்த வீட்டில் இருந்ததையெல்லாம் மொத்தமாகக் கொடுத்தார். ஓரங்களில் படம் போட்ட பாடப்புத்தகங்கள் உட்பட! அந்தக் குடும்பத்தை எத்தனை வாழ்த்தினாலும் தகும்.

இனி பெரிய படத்துக்கு வருவோம். 1895-இல் பார்சிலோனா வந்து லா யோட்ஜா ஓவியப் பள்ளியில் சேர்ந்தவன், பிளாஸ்டர் சிலைகளைப் பார்த்துப் பார்த்து வரைந்து கையைத் தேற்றிக்கொண்டான். 1897-இல் வந்தது ‘அறிவியலும் அறமும்’. கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரம், இரண்டரை மீட்டர் அகலம். வரைந்தவனுக்கு வயது 15!

படுக்கையில் நோயாளி. நாடி பிடித்தபடி கடிகாரத்தைப் பார்க்கும் மருத்துவர் யார்? அப்பாவேதான்! மறுபக்கம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோப்பையை நீட்டும் கன்னியாஸ்திரி. அந்த உடையைப் போட்டுக்கொண்டு மாதிரியாக நின்றது ஒரு பையன் என்று சொல்வார்கள். மாட்ரிட் கண்காட்சியில் படத்துக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. நோயாளியின் கை கையுறை மாதிரி இருக்கிறது என்று ஒரு விமர்சகர் கேலியும் செய்தார். எனக்கோ அந்தக் கையைத்தான் ரொம்பப் பிடிக்கிறது. நீண்டு, துவண்டு, எலும்பே இல்லாததுபோல் தொங்குகிறது. படம் முழுக்க ஆசிரியர்கள் சொன்னபடி நடக்கும் மாணவன், அந்த ஒரு கையில் மட்டும் தன் இஷ்டத்துக்கு வரைந்துவிட்டான் என்றே தோன்றுகிறது.

போனால், பெரிய கேன்வாஸை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இதற்காகவே சின்னச் சின்னதாய் அவன் வரைந்து பார்த்த மாதிரிப் படங்களும் இருக்கின்றன. யாரை எங்கே உட்கார வைப்பது, எங்கே நிற்க வைப்பது என்று ஒரு பதினைந்து வயதுப் பையன் மண்டையை உடைத்துக்கொண்டதை அவற்றில் கண்ணாரக் காணலாம்!