ரேம் போட்டதும் பறந்த மெஷின்

பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "32 எம்பி ரேமை 64 ஆக்கினேன், மெஷின் பறந்துச்சு!" இன்று 16 ஜிபியை 32 ஆக்கினால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரிவதில்லை. ரெண்டுமே இருமடங்குதானே? அப்போ அந்தப் பேச்செல்லாம் பழைய நினைப்பின் மயக்கமா? இல்லை, அன்று நிஜமாகவே பறந்தது.

விண்டோஸ் 98 காலத்தை எடுத்துக்கொள்வோம். ரேமில் இடம் போதாவிட்டால், உடனடியாகத் தேவைப்படாததை விண்டோஸ் ஹார்ட் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுக்கும். கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் அன்றைய ரேமிலிருந்து ஒன்றை எடுக்கச் சுமார் 60 நானோ விநாடி. டிஸ்கிலிருந்து எடுக்கச் சுமார் 10 மில்லி விநாடி. ரேமுக்கு ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால் டிஸ்குக்குக் கிட்டத்தட்ட இரண்டு நாள்! வேர்டையும் பிரவுசரையும் சேர்த்துத் திறந்தால் டிஸ்க் கறகறவென்று அரைக்கும், கேபினெட் விளக்கு அணையவே அணையாது, திரையில் மணற்கடிகாரம். அந்த நேரமெல்லாம் பிராசஸர் பெரும்பாலும் சும்மாதான் இருந்தது. இன்னொரு 32 எம்பி வந்ததும் டிஸ்குக்குப் போகும் பயணமே நின்றுபோச்சு. தேவை தீர்ந்த பிறகு எவ்வளவு ரேம் போட்டாலும் இந்த மாயம் நடக்காது.

ஜீன் அம்டால் 1967ல், பல பிராசஸர்களைச் சேர்த்தால் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பதற்குச் சொன்ன வாதம் இங்கும் பொருந்தும். 100 விநாடி வேலையில் 90 விநாடி டிஸ்குக்காகக் காத்திருப்பு, 10 விநாடிதான் பிராசஸருக்கு என்று வையுங்கள். பிராசஸரை இருமடங்கு வேகமாக்கினால் 95 விநாடி. காசு போனதுதான் மிச்சம். டிஸ்கைப் பத்து மடங்கு வேகமாக்கினால் 19.

பிராசஸரும் ஒருகாலத்தில் அள்ளிக் கொடுத்தது. 1981ல் ஐபிஎம் பிசி 4.77 மெகாஹெர்ட்ஸ்; 2004ல் பென்டியம் 4, 3.8 கிகாஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட 800 மடங்கு. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ இன்டெல் அதே ஆண்டு கைவிட்டது. சூடு தாங்கவில்லை. அதற்கப்புறம் கோர்களின் எண்ணிக்கைதான் கூடியது. பிரித்துக்கொடுக்க முடியாத வேலைக்கு அதனால் பயனில்லை. அம்டால் சொன்னதும் அதைத்தான்.

பழைய சுகத்தைக் கடைசியாகக் கொடுத்தது எஸ்எஸ்டி. 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒருமுறை சுற்றவே 8.3 மில்லி விநாடி ஆகும், வேண்டிய இடம் தலைக்குக் கீழே வர சராசரியாக அதில் பாதி. தலை நகரும் நேரம் தனி. எஸ்எஸ்டியில் சுற்றவும் நகரவும் எதுவுமே கிடையாது.

ஹார்ட் டிஸ்கோடு திணறும் லேப்டாப் ஒன்று வீட்டில் இருந்தால், பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்க. சிபியு பத்து சதவீதத்தில் தூங்க, டிஸ்க் நூறில் நிற்கிறதா? அதுக்குள்ள இன்னும் ஒரு "பறந்துச்சு" பாக்கி இருக்கு.