குப்பையில் டீஸல்

காரைக்குடிக்கு அடுத்த கோவிலூருக்குச் செல்வோர் கொற்றவாளீசுவரரைத் தரிசிக்கின்றனர். வேதாந்த மடத்தைக் காண்கின்றனர். திரும்பும் வழியில் ஊருணிக் கரைகளில் ஒதுங்கிக் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளை மட்டும் காணாதவர்போல் வந்துவிடுகின்றனர். அப்பைகளிலிருந்து டீஸல் எஞ்சினை ஓட்டும் எண்ணெய் எடுக்கலாம் என்ற பேச்சு இன்று பலமாக அடிபடுகிறது. இது வெறுங்கதையா, கைகூடும் காரியமா என்று நமது தொண்டர்கள் விசாரித்தறிதல் அவசியம்.

கதையன்று. டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலிய ஆராய்ச்சி நிலையத்தில் 2019இல் திறக்கப்பட்ட ஆலை, நாளொன்றுக்கு ஒரு டன் பிளாஸ்டிக்கிலிருந்து 800 லிட்டர் டீஸல் எடுக்க வல்லதென அறிவிக்கப்பட்டது. பிளாஸ்டிக் பூமியெண்ணெயிலிருந்து பிறந்ததுதானே! காற்றுப் புகாத கலத்திலிட்டு 400 டிகிரிக்கு மேல் காய்ச்சினால் அது சிதைந்து ஆவியாகிறது. ஆவியைக் குளிரச் செய்தால் எண்ணெய். குளிராமல் எஞ்சும் வாயுவைக்கொண்டே அடுப்பையும் எரிக்கலாம். நிறைக்கு நிறை, பாலித்தீனின் எரிசக்தி டீஸலுக்கு இளைத்ததன்று.

இனி எதிர்த்தரப்பு வாதம். கலத்திலிருந்து வடிவது டீஸல் அன்று. பெட்ரோலையொத்த இலேசான பாகமும், டீஸலும், மெழுகும் கலந்த கலவை. அதை அப்படியே ஊற்றுகிறவன் தன் எஞ்சினுக்குத் தானே பகைவன். மெழுகு வடிகட்டியை அடைக்கும். இலேசான பாகம் சட்டென்று தீப்பற்றும். தெர்மாக்கோல் மிகுந்திருந்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் தாமதமாகப் பற்றும். பிறகு ஒரேயடியாகப் பற்றி எஞ்சின் தட்டும். பி.வி.சி. குழாய்த் துண்டுகள் கலந்துவிட்டாலோ, ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகி இரும்பையே தின்னும். ஆகவே பாலித்தீனையும் பாலிப்ரொப்பிலீனையும் மட்டும் பிரித்துக் காய்ச்சி, மீண்டும் வாலையில் வடித்து, டீஸல் பாகத்தைத் தனியே எடுத்து, சாதாரண டீஸலுடன் ஐந்தில் ஒரு பங்குபோலக் கலந்து ஓட்டுவதே புத்தி. அவ்வாறு செய்தால் எஞ்சினின் திறன் பெரிதும் குன்றுவதில்லை. கொல்லைப்புறத்தில் பீப்பாயை வைத்துக் காய்ச்சுவோரை நாம் ஆதரிக்க மாட்டோம். நச்சுப்புகையும் வெடிவிபத்தும் ஏழைத் தொழிலாளியின் தலையிலேயே விடியும்.

சட்டம் குறுக்கே நிற்கவில்லை. பிளாஸ்டிக் கழிவைச் சாலை போடவும் எண்ணெய் எடுக்கவும் பயன்படுத்த ஊக்கமளிக்குமாறு 2016ஆம் வருஷத்து விதிகள் ஸ்தல ஸ்தாபனங்களுக்குக் கட்டளையிட்டன. சாலை விஷயத்தில் மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் வழிகாட்டினார். எண்ணெய்க்கு நம் ஜில்லாவே ஏன் வழிகாட்டலாகாது?

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருக்கிறது. உலோகங்கள் அரிக்கப்படுவதை ஆராய்தல் அதன் பணிகளுள் ஒன்று. இவ்வெண்ணெய் எஞ்சினை அரிக்குமா என்று சொல்ல அதனினும் தகுந்தவர் யார்? காரைக்குடி மாநகராட்சி வீட்டு வாசலிலேயே பி.வி.சி.யைப் பிரித்து வாங்கட்டும். கோவிலூர்ப் பக்கத்து வயல் எஞ்சின் ஒன்றில் இவ்வெண்ணெயை ஆறு மாத காலம் ஓட்டிப் பார்க்கட்டும். லிட்டருக்கு அடக்கவிலை என்ன விழுந்தது, வடிகட்டி எத்தனை முறை அடைத்தது என்ற கணக்கு வருமானால், அது சாதகமாயினும் பாதகமாயினும், இப்பத்திரிகையில் வெளியிட நாம் சித்தமாயிருக்கிறோம்.